அறிமுகப் பாடத்தில் வெறும் பிஎச்பியா, நேராக ஜாங்கோவா?

லேப் மேடம்:
முதலாமாண்டு இரண்டாம் பருவத்துக்கு இணையதள உருவாக்கம் நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் பக்கத்தை அமைக்க எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், அப்புறம் சர்வரில் ஓடும் மொழியான பிஎச்பி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். பிஎச்பியை எடுத்துவிட்டு நேராக ஜாங்கோ (பைத்தான் மொழியில் தளம் கட்டுவதற்கான ஆயத்தக் கட்டமைப்பு) வைக்கலாம் என்று துறையில் பேச்சு நடக்கிறது. எனக்குச் சம்மதமில்லை. படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும் பிரவுசரிலிருந்து என்ன போகிறது, சர்வர் என்ன திருப்பி அனுப்புகிறது என்பதை மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டும். பிஎச்பியில் அதற்கு ஒரு கோப்பு போதும். ஜாங்கோவில் புராஜெக்ட் தொடங்கியதுமே செட்டிங்ஸ், யூஆர்எல்ஸ், டபிள்யூஎஸ்ஜிஐ என்று கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். எதை எதற்காகத் தொடுகிறோம் என்று தெரியாமலே பிள்ளைகள் பார்த்து அடிப்பார்கள்.

சர்வர் காவலர்:
மேடம், புதிதாக வேலைக்கு வருபவர்களின் புராஜெக்ட்களைப் பார்க்கிறவன் நான். பயனர் தட்டிய பெயரை அப்படியே எஸ்கியூஎல் குவெரியில், அதாவது டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையில், ஒட்டியிருப்பார்கள். பாஸ்வேர்ட் எளிதில் உடைக்கக்கூடிய பழைய எம்டி5 முறையில் இருக்கும். பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 நீக்கிவிட்டது. நோட்ஸில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஜாங்கோவில் குவெரியை நமக்காக எழுதித் தரும் ஓஆர்எம் உள்ளீட்டைக் குவெரியோடு கலக்காது, டெம்ப்ளேட் உள்ளீட்டிலுள்ள எச்டிஎம்எல் குறிகளைத் தானாக எஸ்கேப் செய்து வெறும் எழுத்தாக்கும், வேறு தளத்திலிருந்து போலியாகப் படிவம் வராமலிருக்க சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் கேட்கும். தொடக்க மாணவருக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டாமா?

லேப் மேடம்:
அது நோட்ஸின் குறை, மொழியின் குறை அல்ல. டேட்டாபேஸோடு பேசப் பிஎச்பியின் பிடிஓ 2005 முதல் இருக்கிறது, பாஸ்வேர்டைப் பாதுகாப்பாகச் சேமிக்கும் பாஸ்வேர்ட்_ஹேஷ் 2013-இலேயே வந்துவிட்டது. டேட்டாபேஸ் தொடங்கும் முதல் வகுப்பிலேயே உள்ளீட்டைக் குவெரியிலிருந்து பிரித்தே அனுப்பும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் தவிர வேறு எதையும் நான் காட்டுவதில்லை. அப்புறம் ஒருநாள் வேண்டுமென்றே ஓட்டையுள்ள லாகின் பக்கம் ஒன்றைக் கொடுப்பேன். பெயர்ப் பெட்டியில் ஒற்றை மேற்கோளும் "ஆர் 1=1" என்பதும், மீதிக் குவெரியைத் துண்டிக்கும் கமென்ட் குறியும் அடித்து, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போவார்கள். அதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஜாங்கோவிலும் நேரடியாக எஸ்கியூஎல் எழுத வழி உண்டு. அங்கே உள்ளீட்டை எஃப்-ஸ்ட்ரிங்கில் (மாறியின் மதிப்பைச் சரத்துக்குள் செருகும் பைத்தான் வசதி) ஒட்டி எழுதினால் அதே ஓட்டைதான். ஆபத்தைப் பார்த்தே இராதவர் அந்த இடத்தில் எப்படி நிதானிப்பார்?

கடைசி பெஞ்ச்:
நான் இரண்டாமாண்டு மாணவி. எச்டிடிபிக்கு முந்தைய ரெக்வஸ்ட் நினைவிருக்காது என்று எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். டெவலப்பர் டூல்ஸில் 'செட்-குக்கி' ஹெட்டரையும், அடுத்த ரெக்வஸ்டில் அதே எண் திரும்பிப் போவதையும் பார்த்தபிறகுதான் செஷன், அதாவது அதே பயனரைத் தளம் நினைவில் வைத்திருக்கும் விதம், புரிந்தது. பிஎச்பியில் தகவல் சர்வரில் இருக்கும், குக்கியில் அடையாள எண் மட்டும் போகும். ஆனால் மேடம், பிஎச்பி, மைஎஸ்கியூஎல், அப்பாச்சி வெப் சர்வர் எல்லாம் சேர்ந்த எக்ஸாம்ப் தொகுப்பைக் கணினியில் போடுவதில்தான் எங்கள் வகுப்பு நேரம் நிறையப் போனது. வெப் சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் 80-ஆம் போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்திருக்கும், அப்பாச்சி தொடங்கவே தொடங்காது.

லேப் மேடம்:
எக்ஸாம்ப் இல்லாமலே தொடங்கலாம்மா. பிஎச்பி 5.4 முதல் உள்ளேயே சிறு சர்வர் இருக்கிறது. டெர்மினலில் ஒரு வரி போதும். மைஎஸ்கியூஎல் வரும்வரை, தனி சர்வர் தேவையில்லாத எஸ்கியூலைட் டேட்டாபேஸை வைத்து ஓட்டலாம்.

சர்வர் காவலர்:
சரி, ஜாங்கோ கனம் என்றால், பைத்தானிலேயே அதைவிடச் சிறிய கட்டமைப்பான ஃபிளாஸ்க்? அதுவும் ஒரு கோப்பில் முடியும். ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம் 2016-இல் பிஎச்பியை விட்டுப் பைத்தானுக்கும் ஃபிளாஸ்க்குக்கும் போனது. முதல் பருவத்தில் பைத்தான் படித்துவிட்டு வருபவர்கள்மேல் இன்னொரு மொழியின் இலக்கணத்தை ஏன் சுமத்த வேண்டும்? இருக்கும் நேரத்தை ரெக்வஸ்டுக்கும் டேட்டாபேஸுக்கும் செலவழிக்கலாமே.

லேப் மேடம்:
ஜாங்கோவைவிட ஃபிளாஸ்க் எனக்கு ஏற்புடையது. மொழிச் சுமை பற்றி நீங்கள் சொல்வது நியாயமும்கூட. ஆனால் ஃபிளாஸ்க் செஷன் தகவலையே கையொப்பமிட்டுக் குக்கியில் வைத்துவிடுகிறது. மாற்ற முடியாது, ஆனால் படிக்க முடியும். முதலாமாண்டில் அதை விளக்க ஒரு வகுப்பு போகும். இன்னொன்று, பலரின் தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பி அநேகமாக எல்லா இடத்திலும் ஓடும். தன் பக்கத்தை வீட்டில் உள்ளவர்கள் போனில் திறந்து பார்த்தால் அந்த மாணவருக்கு வரும் உற்சாகம் பெரிது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சர்வர் காவலர்:
எந்த மொழியோ இருக்கட்டும். செய்முறைத் தேர்வில் வெளியீடு வந்தாலே முழு மதிப்பெண் என்பதை மாற்றுங்கள் மேடம். மேற்கோள் குறி உள்ள பெயரைக் கொடுத்தால் தளம் உடைகிறதா என்று தேர்வாளர் சோதிக்கட்டும்.

லேப் மேடம்:
வரும் மாதிரித் தேர்விலேயே அதை வைக்கிறேன். ஜாங்கோவை மூன்றாம் பருவத்துக்குத் தள்ளும்படிதான் துறையில் கேட்கப் போகிறேன்.