எலுமிச்சையைப் பூக்க வைத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

மதுரை, மொட்டை மாடி:

நாலு வருஷத்துக்கு முன் 'ஒட்டுக்கன்று' என்று வாங்கி வந்த எலுமிச்சை. தண்ணீர் ட்ரம்மைப் பாதியாக அறுத்து அதில் வைத்திருக்கிறேன். ஆள் உயரம் வந்துவிட்டது. இலையெல்லாம் கரும்பச்சையில் பளபளக்கிறது, பூ மட்டும் கிடையாது. மாதம் இரண்டு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசல், வாரம் ஒரு முறை மீன் அமிலம், காலையும் மாலையும் தண்ணீர் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. "காய்க்காட்டி வெட்டிப்புடுவேன்னு அரிவாளைக் காட்டி மிரட்டு" என்கிறார் மாமியார். அதையும் செய்தாயிற்று. சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எது பலித்தது?

புளியங்குடிப் பக்கம், தோட்டம்:

அக்கா, நீங்கள் கொடுக்கிற சாப்பாட்டைப் படித்ததுமே புரிந்துவிட்டது. புண்ணாக்கிலும் மீன் அமிலத்திலும் பெரும்பாலும் தழைச்சத்துதான். அதோடு தண்ணீரும் ஓயாமல் கிடைத்தால் எலுமிச்சை தளிர் விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

எங்கள் அப்பா பூ வேண்டுமென்றால் தோட்டத்தைக் காயப் போடுவார். ஈரம் பிடிக்கிற மண், அதனால் மூன்று வாரம், சில வருஷம் நாலு வாரம்கூடத் தண்ணீர் பாய்ச்சமாட்டார். தினமும் மரத்தடியில் போய் நிற்பார். மதியம் சுருண்ட இலை சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் "இன்னும் கிடக்கட்டும்" என்பார். விடிந்த பிறகும் சுருண்டே இருந்து, நாலைந்து இலை பழுத்து விழுந்தால் அன்றைக்கே அடியைக் கொத்தித் தொழுவுரம் போட்டு, லேசாக ஒரு தண்ணீர். நாலு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் கூட்டி. காய்ந்து கிடந்த மரத்துக்கு ஒரேயடியாக நிரப்பிவிட்டால் மொட்டு நிற்காது. மூன்று நாலு வாரத்தில் தளிரோடு தளிராக மொட்டு தெரியும்.

பூவிலிருந்து பழம் பறிக்க ஐந்தாறு மாதம் ஆகும். பங்குனி, சித்திரையில் விலை நன்றாக இருக்கும்போது பறிக்க வேண்டுமானால் புரட்டாசி, ஐப்பசியில் பூத்திருக்க வேண்டும். சரியாக அப்போதுதான் மழை வந்து நம் கணக்கைக் கலைக்கும். அந்தப் புலம்பல் இப்போது வேண்டாம். ஒன்று மட்டும், வேர் பிடித்துக் கிளை பரப்பிய மரத்துக்குத்தான் இதெல்லாம். இரண்டு வயதுக் கன்றில் யாரும் செய்து பார்க்காதீர்கள். அது பூத்தாலும் நாங்கள் கிள்ளிப் போட்டுவிடுவோம்.

ராமநாதபுரம், மணல் பூமி:

இதே யோசனையை ஒருவர் சொல்லிக் கேட்டு நான் ஒரு மரத்தையே பறிகொடுத்தேன். மூன்று வாரம் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். எங்கள் மணலில் எட்டாம் நாளே குச்சி காய ஆரம்பித்துவிட்டது, நானோ வட்டம் போட்ட தேதிக்காகக் காத்திருந்தேன். ட்ரம்மில் இருப்பதற்கு அந்த எட்டு நாள்கூட ஆகாது. தினமும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கோவை:

முதலில் அது ஒட்டுக்கன்றுதானா என்று பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சாத்துக்குடி ஆறு வருஷம் காய்க்காமல் காடாக வளர்ந்தது. முள் விரல் நீளம். கடைசியில் காய்த்தபோது தோல் சொரசொரவென்று ஜம்பேரி எலுமிச்சை, அதாவது சாத்துக்குடியை ஒட்டுவதற்கு அடிச்செடியாக வைக்கிற காட்டு ரகம்! ஒட்டுக்கு மேலே இருந்தது எப்போதோ காய்ந்துபோய், அடியிலிருந்து வந்த போத்துதான் மரமாகி நின்றிருக்கிறது. அதனால் ஒட்டுக்குக் கீழே என்ன துளிர்த்தாலும் உடனே கிள்ளுங்கள். நான் விதை போட்டு வளர்த்த சாத்துக்குடி ஏழாம் வருஷம்தான் பூத்தது. அதை எந்தப் பட்டினியும் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம், தளிர் சிறுத்து நரம்புக்கு நடுவே மஞ்சளடித்தால் துத்தநாகக் குறை. துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கலந்து தளிரில் தெளித்தேன். அடுத்த தளிர் தெளிவாக வந்தது.

மதுரை, மொட்டை மாடி (நாலு மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. ஒட்டு மேடு இருக்கிறது, முளைத்ததும் அதற்கு மேலேதான். புண்ணாக்கு, மீன் அமிலம் இரண்டையும் நிறுத்தி ஒரு மாதம் கழித்துத் தண்ணீரையும் நிறுத்தினேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் இலை நிமிரவில்லை. ஆறாம் நாள் காலையிலும் அப்படியே. பயத்தில் கை நடுங்கிக்கொண்டே அரை வாளி ஊற்றினேன். இருபத்து மூன்றாம் நாள் மொட்டு.

பூ அறுபதுக்கு மேல் எண்ணினேன். பாதிக்கு மேல் கொட்டியதும் அழுகையே வந்துவிட்டது. தேங்காய்ப் பாலும் மோரும் சேர்த்துப் புளிக்க வைத்த தேமோர் கரைசல் தெளித்தேன், பெருங்காயத்தைத் துணியில் கட்டி மண்ணில் புதைத்தேன். அதனால் நின்றதா தெரியாது. பூத்ததெல்லாம் காயாவதில்லை, தாங்குகிற அளவுக்குத்தான் மரம் வைத்துக்கொள்ளும் என்று அப்புறம் இன்னொரு தோட்டக்காரர் சொன்னார். பதினொரு பிஞ்சு பிடித்து இப்போது ஏழு நிற்கிறது. எல்லாம் அரிவாளால்தான் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லி வருகிறார்.

நடுவில் பறவை எச்சம் மாதிரிப் புழு நாலு தளிரை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. நசுக்கப் போனேன், பட்டாம்பூச்சி ஆகும் என்று பையன் விடவில்லை. எடுத்துப் பக்கத்துத் தொட்டிக் கறிவேப்பிலையில் விட்டான். எலுமிச்சை தப்பித்தது. கறிவேப்பிலை இப்போது கடையில் வாங்குகிறோம்.