இன்டர்செக்‌ஷனாலிட்டி: ‘குறுக்குவெட்டு’க்குப் பதில் ‘சந்தி’?

> ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’க்குக் ‘குறுக்குவெட்டுத்தன்மை’ பல கட்டுரைகளில் புழங்கிவிட்டது. அதையே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமே?

அன்புள்ள ஐயா,

புழக்கம் உண்மைதான். ஆனால் ‘குறுக்குவெட்டு’ என்றதும் மாணவருக்கு நினைவு வருவது தாவரவியல் செய்முறையில் தண்டை அறுத்துக் கண்ணாடிச் சில்லில் வைப்பது. இந்தக் கோட்பாட்டில் எதையும் அறுக்கவில்லை. இனம், பால் போன்ற இரண்டு தடைகள் ஒருவர்மீது ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்தச் சொல்லை முன்வைத்தபோது எடுத்துக்காட்டிய வழக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின்மீது தொடுத்தது. தீர்ப்பு 1976இல் வந்தது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும், கடைசியாக வந்தவரை முதலில் அனுப்பும் பணிமூப்பு விதியால் ஆட்குறைப்பில் வேலை இழந்தார்கள். நீதிமன்றமோ, நிறுவனம் முன்பே பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பால்பாகுபாடு இல்லை என்றது. அப்படி முன்பே எடுக்கப்பட்ட பெண்களோ வெள்ளையர். இனப்பாகுபாட்டுக்கு, அதே நிறுவனத்தின்மீது நடந்த வேறோர் இனவழக்கோடு சேர்ந்துகொள்ளச் சொன்னது. இரண்டையும் இணைத்துக் கேட்க இடம் தரவில்லை.

ஆகவே ‘இரட்டை ஒடுக்குமுறை’யும் பொருந்தாது. அது கூட்டல் கணக்கு. கறுப்பினப் பெண்ணியர் பிரான்சஸ் பீல் 1969இல் எழுதிய ‘இரட்டை இடர்’ என்ற கருத்துக்கு அதை ஒதுக்கி வைப்போம்.

கிரென்ஷாவின் உவமை நாற்சந்தி. நாலு பக்கமும் வண்டி வரும் இடத்தில் அடிபட்டவருக்கு எந்த வண்டியால் காயம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நமக்குச் ‘சந்தி’ இலக்கணச் சொல்லும்கூட. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். அந்த றகரம் பொன்னிலும் இல்லை, குடத்திலும் இல்லை, சேருமிடத்தில் பிறந்தது. இந்தக் கோட்பாட்டின் உயிரே அதுதான். என் பரிந்துரை: ‘சந்திநிலை ஒடுக்குமுறை’.

---

> என் பரிந்துரை: ‘சந்திநிலை ஒடுக்குமுறை’.

வணக்கம் அம்மா,

இலங்கைக் கணித நூல்களில் உள்ள ‘இடைவெட்டு’தான் எனக்கு முதலில் தோன்றியது. நீங்கள் ‘கணங்களின் வெட்டு’ என்பதை நாங்கள் ‘தொடைகளின் இடைவெட்டு’ என்போம். யோசித்தபின் கைவிட்டேன். பெண்கள் என்ற தொடையும் கறுப்பினத்தவர் என்ற தொடையும் இடைவெட்டும் இடத்தில் யார் இருக்கிறார் என்று அது காட்டும். அவருக்கு என்ன நேர்ந்தது என்று காட்டாது.

‘சந்திநிலை’யைக் கல்வி வரலாற்றில் வைத்துச் சோதித்தேன். அமெரிக்காவின் ராலே நகரில் இருந்த செயின்ட் அகஸ்டின் பள்ளி கறுப்பினத்தவருக்காகவே எழுந்தது. அங்கே இனம் தடையில்லை. ஆனாலும் கிரேக்க வகுப்பு இறைப்பணிக்குப் பயிலும் ஆண்களுக்கென்று வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் எழுத்தாளரும் கல்வியாளருமான கறுப்பினப் பெண் அன்னா ஜூலியா கூப்பர் வாதாடித்தான் அதில் இடம் பெற்றார். தென்மாநில வெள்ளைப் பெண்களின் பள்ளிகளோ நிறத்தைக் காட்டிக் கதவடைத்தன. பெண் பிரச்சினையும் இனப் பிரச்சினையும் கறுப்பினப் பெண்ணின் முன் சேர்ந்தே நிற்கின்றன, இரண்டிலும் அவள் கணக்கில் வரவில்லை என்று 1892இலேயே எழுதியவர் அவர். 1925இல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

இப்போது வாக்கியத்தில் இட்டுப் பாருங்கள். ‘கூப்பரின் கல்வித் தடையைச் சந்திநிலையில் வைத்துப் பார்த்தால்’ என்பது இயல்பாக ஓடுகிறது. ‘குறுக்குவெட்டில் வைத்துப் பார்த்தால்’ என்றால் நுண்ணோக்கி நினைவுதான் வருகிறது.

ஒரு திருத்தம் மட்டும். தலைச்சொல்லில் ‘ஒடுக்குமுறை’ வேண்டாம். கிரென்ஷா காட்டியதில் சட்டத்தின் பார்வைக் குறையும் அடக்கம். ‘சந்திநிலை’ என்று நிறுத்தினால் கிளைச்சொற்களும் எளிதில் வரும்: சந்திநிலைப் பெண்ணியம், சந்திநிலைப் பகுப்பாய்வு. இரண்டிலும் ஒற்று மிகும். பட்டியலில் அப்படியே அச்சாகட்டும். விளக்க வரிக்கு இது என் வரைவு: ‘இனம், பால் முதலான அடையாளங்கள் ஒருவரிடம் சேரும்போது, தனித்தனியே பார்த்தால் தெரியாத பாகுபாடு பிறக்கும் நிலை.’ ‘முதலான’ என்பதில் சாதியும் வர்க்கமும் அடங்கும். வெளிப்படையாகச் சேர்க்க வேண்டுமா, சொல்லுங்கள்.