எல்டேப் தூக்கிட்டு மறுபடி போட்டேன், எரர் 49, அவசரம்

புதுசு_22:
சர்வர்ல எல்டேப் (LDAP, யூசர் விவரமெல்லாம் ஒரே இடத்துல வைக்கிற டைரக்டரி) போட்டேன், அட்மின் லாகின் ஆகல, சரின்னு மொத்தமா தூக்கிட்டு திரும்ப போட்டேன், இந்த தடவை பாஸ்வேர்டே கேக்கல, இப்பவும் இன்வேலிட் கிரெடன்ஷியல்ஸ் 49, அதாவது பேரோ பாஸ்வேர்டோ தப்பாம். மூணு தடவை ஆச்சு. நாளைக்குள்ள முடிக்கணும் ப்ளீஸ்

ராத்திரிஷிஃப்ட்:
எந்த ஓஎஸ்? தூக்குனேன்னா எந்த கமாண்ட் குடுத்து தூக்குனீங்க?

கேபிள்ராஜா:
ஃபயர்வால்தான். எல்டேப்போட 389 போர்ட் திறந்திருக்கா பாருங்க, எனக்கும் இப்படித்தான் ஆச்சு

பழையகை:
49-ன்னா சர்வர் பதில் சொல்லுதுன்னு அர்த்தம். போர்ட் மூடியிருந்தா கான்டாக்ட் பண்ண முடியலன்னு மைனஸ் 1 வரும். எரரை படிச்சிட்டு பேசுனா எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

புதுசு_22:
உபுண்டு 22.04. ஆப்ட் ரிமூவ் ஸ்லாப்டி (apt remove slapd), ஸ்லாப்டிதானே எல்டேப் சர்வர் ப்ரோக்ராம்

பழையகை:
அதானே. ரிமூவ் குடுத்தா ப்ரோக்ராம் மட்டும்தான் போகும், எட்சி எல்டேப் (/etc/ldap) ஃபோல்டர்ல கான்ஃபிகும் வார் லிப் எல்டேப் (/var/lib/ldap) ஃபோல்டர்ல டேட்டாவும் அப்படியே உக்காந்திருக்கும். திரும்ப போட்டா பழசையே எடுத்துக்கும், அப்புறம் எதுக்கு பாஸ்வேர்ட் கேக்கும்? பர்ஜ் குடுக்கணும், அதுதான் கான்ஃபிகையும் சேர்த்து தூக்கும். நம்ம ஃபோரத்தோட முதல் பக்கத்துலயே இருக்கு இதெல்லாம்.

சும்மாவந்தவன்:
செட்டிங்ஸ் எல்லாம் ஸ்லாப்டி.கான்ஃப்னு ஒரே ஃபைலா இருந்தப்ப இந்த தொல்லையே இல்ல, திறந்தோமா திருத்தினோமா ரீஸ்டார்ட் பண்ணோமான்னு இருந்துச்சு

பழையகை:
இப்ப ரீஸ்டார்ட்டே இல்லாம மாத்தலாம். அது தெரியாம புலம்புறவங்கதான் ஜாஸ்தி.

சும்மாவந்தவன்:
மாத்தலாம், ஒரு வரி மாத்த எல்டிஃப்னு தனி ஃபார்மட்ல ஃபைல் எழுதி உயிரை விடணும். கையால எடிட் பண்ணா செக்சம் (ஃபைல் மாறியிருக்கான்னு பாக்குற எண்) தப்புன்னு கத்துது, ஃபைல் தலையிலயே தொடாதேன்னு எழுதி வச்சிருக்கான்

ராத்திரிஷிஃப்ட்:
சண்டைய அப்புறம் போடுங்கப்பா. தம்பி, பர்ஜ் பண்றதுக்கு முன்னாடி ரூட் யூசரா ஸ்லாப்கேட் (டேட்டாபேஸ்ல இருக்கறதை காட்டுற கமாண்ட்) அடிச்சு முதல் வரி என்னன்னு சொல்லுங்க. இன்ஸ்டால் பண்றப்ப டொமைன் கேக்காது, ஹோஸ்ட்நேம்லேர்ந்து (மெஷினோட பேர்) அதுவே எடுத்துக்கும். ஹோஸ்ட்நேம்ல டொமைன் இல்லேன்னா நோடொமைன்னு வச்சிடும். நீங்க உங்க டொமைன் பேர்ல லாகின் பண்ணா அப்படி ஒரு ஆளே அங்க இல்ல, ஆனா ஆள் இல்லேன்னு சொல்லாது, அதுக்கும் 49-தான் சொல்லும். பாஸ்வேர்ட் ஒருவேளை மொதல்லேர்ந்தே சரியாத்தான் இருக்கும்.

கேபிள்ராஜா:
எதுக்கும் ஃபயர்வாலையும் ஒரு தடவை பாத்துடுங்க

புதுசு_22:
முதல் வரியில டொமைன் பேர் டிசி=நோடொமைன்னு இருக்கு 😭

ராத்திரிஷிஃப்ட்:
அப்ப பர்ஜே வேணாம், டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஸ்லாப்டி (dpkg-reconfigure slapd) குடுங்க, செட்டிங்ஸை மறுபடி கேட்டு அமைக்கும், டொமைன் கேக்கும், பழைய டேட்டாபேஸை நகர்த்தவான்னு கேட்டா எஸ். அது வார் பேக்கப்ஸ் (/var/backups) ஃபோல்டருக்கு போயிடும்.

புதுசு_22:
வந்துருச்சு தேங்க்ஸ்

பழையகை:
எது வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க, அடுத்து வர்றவனுக்கு உதவும்.

சும்மாவந்தவன்:
அவர் போயிட்டார். நீங்க எல்டிஃப் விஷயத்துக்கு வாங்க