மிச்சிகனில் பள்ளியின் துப்பாக்கித் தடை செல்லும், நூலகத்தின் தடை செல்லாது: இது எப்படி?

ஏரிநாட்டுத் தாய் கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் வசிக்கிறோம். என் மகள் படிக்கும் பள்ளிக்குள் காவலர்களைத் தவிர வேறு யாரும், உரிமம் பெற்றவராகவே இருந்தாலும், துப்பாக்கியுடன் நுழையக் கூடாது என்பது விதி. லான்சிங்கில் இருக்கும் என் அக்காவோ, தம் ஊர்ப் பொது நூலகம் இதே போன்ற விதியை வைத்திருந்தபோது நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டதாகக் கூறுகிறார். இரண்டும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை; இரண்டிலும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அரசியலமைப்பே துப்பாக்கி உரிமையைக் கொடுத்திருப்பதுதான் காரணம் என்றால், இரண்டு இடத்துக்கும் ஒரே முடிவுதானே வந்திருக்க வேண்டும்? பள்ளிக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பும் ஒருநாள் வழக்கில் போய்விடுமா என்பதே என் கவலை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சட்ட மாணவன்:

சகோதரி, நீங்கள் சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். நூலக வழக்கும் பள்ளி வழக்கும் அரசியலமைப்பு உரிமையை வைத்துத் தீர்க்கப்பட்டவை அல்ல. 1990ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்றில் உள்ள ஒரு சொல்லின் பொருளை வைத்துத் தீர்க்கப்பட்டவை. உள்ளாட்சி அமைப்புகள் துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றித் தாமாக விதி செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஊருக்கு ஒரு விதி இருந்தால், காரில் போகிறவர் ஓர் ஊர் எல்லையைத் தாண்டியதுமே குற்றவாளியாகிவிடுவார் என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். உள்ளாட்சி அமைப்பு என்றால் எது என்பதற்கும் அதே சட்டம் விளக்கம் தருகிறது: மாநகரம், கிராமம், டவுன்ஷிப், கவுண்டி (பல ஊர்களை உள்ளடக்கிய நிர்வாகப் பகுதி) ஆகிய நான்கு மட்டுமே.

ஃபெர்ன்டேல் நகரம் தன் கட்டடங்களுக்குள் ஆயுதங்களைத் தடை செய்தபோது, 2003இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் அந்தத் தடையை நீக்கியது. லான்சிங் நூலகம் மாநகரமோ கவுண்டியோ அல்ல. ஆயினும் மாநகரமும் கவுண்டியும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு என்பதால், அவற்றுக்கு இல்லாத அதிகாரம் அதற்கும் இல்லை என்று அதே நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. உங்கள் அக்கா குறிப்பிடுவது இதைத்தான்.

ஆன் ஆர்பரில் 2015இல் ஒரு பள்ளியின் பாடகர் குழு நிகழ்ச்சிக்கு ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கி வெளியே தெரிய வந்து அமர்ந்தார். உரிமம் பெற்றவர் பள்ளிக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துவரக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொன்னதே தவிர, வெளியே தெரியும்படி எடுத்துவருவதைத் தடுக்கவில்லை. அந்த இடைவெளியை அடைக்கவே, அவ்வூர்ப் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டம் முழுத்தடை விதித்தது. துப்பாக்கி உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. கிளையோ என்ற ஊரிலும், மகளை அழைத்துச் செல்லத் துப்பாக்கியுடன் வந்த ஒரு தந்தை தடுக்கப்பட்டதிலிருந்து இதே போன்ற வழக்கு எழுந்தது. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்து விசாரித்து, நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பள்ளிகளின் பக்கம் நின்றது. சட்டத்தின் விளக்கத்தில் பள்ளி மாவட்டம் இடம்பெறவில்லை, ஆகவே அதன் தடை சட்டத்துக்கு முரணாகாது என்பதே காரணம். ஒரே ஒரு நீதிபதி மாறி முடிவெடுத்திருந்தாலும் உங்கள் மகளின் பள்ளி வாசலில் அந்த விதி இருந்திருக்காது.

பழைய வாசகன்:

மேலே சொன்னவை சரி. ஆனால் அரசியலமைப்பை அறவே ஒதுக்கிவிட வேண்டாம். இனி வரும் வழக்குகள் அந்த வழியாகவே வரும். 2008இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அறிவித்தபோதே, பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற தனிப் பாதுகாப்பு தேவைப்படும் இடங்களில் நெடுங்காலமாக உள்ள தடைகளை அது ஐயத்துக்கு உள்ளாக்கவில்லை என்றும் எழுதியது. 2022இல் அதே நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பு வந்த பின் அளவுகோல் மாறியது: ஒரு தடை நிலைக்க வேண்டுமானால், நாட்டின் பழைய சட்ட மரபில் அதற்கு ஒப்பான ஒன்றை அரசு காட்ட வேண்டும். கூட்டம் அதிகம் என்பதற்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் இடமாக அறிவிக்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது.

இதன் விளைவு 2024 ஜனவரியில் தெரிந்தது. துப்பாக்கியை வேலைக்கு எடுத்துச் சென்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் மீதான குற்றச்சாட்டை, நாடு தோன்றிய காலத்திலேயே அஞ்சலகங்கள் இருந்தும் அன்று அவற்றில் இப்படித் தடை இருக்கவில்லை என்று கூறி, ஃபுளோரிடாவில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஒருவர் தள்ளுபடி செய்தார். பள்ளிகளின் நிலை அவ்வளவு பலவீனமானதல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தடையை எதிர்த்த வழக்கில், பல்கலைக்கழகமும் பள்ளியே என்று கொண்டு, 2023இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 13 இரவு, கிழக்கு லான்சிங்கில் உள்ள மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் மூன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, என் தம்பி மகன் அங்கே விடுதியில் கதவை அடைத்துக்கொண்டு இருந்தான். தடை கொலைகாரனை நிறுத்தாது என்று எதிர்த்தரப்பினர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டு நிகழ்ச்சிக்கு ஆயுதத்துடன் வருகிறவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஓர் ஆசிரியை எப்படி அறிவார்? விதி இருந்தால், அவர் ஊகிக்க வேண்டியதில்லை. வெளியே போகச் சொல்லலாம்.

ஏரிநாட்டுத் தாய்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று. பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் ஒன்று இருப்பதாகப் படித்தேன். பள்ளியின் விதி போனாலும் அது காக்காதா?

சட்ட மாணவன்:

காக்காது என்றே சொல்ல வேண்டும். 1990இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ், சான் அன்டோனியோவில் பள்ளிக்குக் கைத்துப்பாக்கி கொண்டுவந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் மீது வழக்குப் போடப்பட்டது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இப்படி ஒரு சட்டம் செய்ய முடியாது என்று 1995இல் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. மறு ஆண்டே காங்கிரஸ், அந்தத் துப்பாக்கி மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துடன் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து அதை மீண்டும் நிறைவேற்றியது. ஆனால், அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு. பாட்டு நிகழ்ச்சியில் அமர்ந்திருந்தவரும் உரிமம் பெற்றவர்தான்.

ஆகவே நீங்கள் நீதிமன்றத்தைவிட லான்சிங்கில் உள்ள சட்டமன்றத்தையே கவனியுங்கள். மாநிலத்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள அந்த நான்கு பெயர்களோடு ‘பள்ளி மாவட்டம்’ என்ற ஐந்தாவது பெயரைச் சேர்க்கும் மசோதா நிறைவேறினால், 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு நிற்க இடமிருக்காது.