புதுப்பிப்பு: டிரானெக்சாமிக் அமிலம், ஒரு திருத்தம்

ரத்தப்போக்கைக் குறைக்கக் கொடுக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் ரத்தத்தை உறைய வைக்கும் என்று போன வாரம் எழுதியிருந்தேன், அது தவறு. புது உறைவு எதையும் இது உண்டாக்குவதில்லை. உறைவைக் கரைக்கும் நொதியாக மாறும் பிளாஸ்மினோஜன் என்ற புரதம், உறைவைப் பின்னியிருக்கும் ஃபைப்ரின் இழையைப் பற்றிக்கொள்ளும் இடத்தை அடைத்துக்கொண்டு, உடல் ஏற்கெனவே உண்டாக்கிய உறைவைக் கரையவிடாமல் காக்கிறது. ரத்த உறைவால் வரும் பக்கவாதத்துக்குப் போடும், உறைவைக் கரைக்கும் மருந்தான ஆல்டிபிளேஸ் செய்வதற்கு நேர் எதிர்.

அப்புறம், எவ்வளவு சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் 3 மணி நேரத்துக்குள். சுமார் 20,000 பெண்கள் பங்கேற்று 2017இல் முடிவு வெளியான 'உமன்' ஆய்வில், அப்படிக் கொடுத்தபோது ரத்தப்போக்கால் நேரும் மரணங்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கணவருடன் சேர்ந்து இந்த மருந்தைக் கண்டறிந்த ஜப்பானிய மருத்துவர் உட்டாகோ ஒகமோட்டோ 2016இலேயே இறந்துவிட்டார். ஒரே ஒரு வருடம், அந்த முடிவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது.