1:35 அளவில் வரும் புது டைனோசர் வரிசை: ஆறையும் முன்பதிவு செய்யலாமா?

குறுநகம்:

வணக்கம் நண்பர்களே. புது நிறுவனம் ஒன்று அறிவித்திருக்கும் ஆறு டைனோசர் பொம்மைகளின் படங்களை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டி-ரெக்ஸ், ஸ்பைனோசாரஸ், டைனோகைரஸ், இறகுள்ள யூட்டிரானஸ், கவசமுள்ள போரியலோபெல்டா, சிட்டகோசாரஸ். ஆறும் 1:35 அளவு, அதாவது நிஜ விலங்கின் 35-இல் ஒரு பங்கு என்கிறார்கள். இப்போதைக்கு வந்திருப்பவை பெயின்ட் அடிக்காத சாம்பல் நிற மாதிரிகளின் படங்கள்தான். ஆனால் முன்பதிவு திறந்துவிட்டது. ஆறையும் சேர்த்து எடுப்பவர்களுக்குப் பாறை போல வார்த்த ஒரு மேடை கூடவே வருகிறது.

டைனோகைரஸ் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. அந்தக் கூன் முதுகைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. ஆனால் இதுவரை கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்கித்தான் பழக்கம். வெறும் சாம்பல் நிறப் படத்தை வைத்து எதைக் கவனிக்க வேண்டும்? ஆறையும் எடுப்பதா, பொறுக்கி எடுப்பதா? இன்னொன்று, சிட்டகோசாரஸ் மட்டும் மற்றவற்றுக்குப் பக்கத்தில் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, அது சரிதானா?

பழைய அலமாரி:

சிட்டகோசாரஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த வரிசையை நான் நம்பத் தொடங்கியதே அதைப் பார்த்துத்தான். நிஜத்தில் அது சுமார் 2 மீட்டர் நீள விலங்கு. 35-ஆல் வகுத்தால் 6 சென்டிமீட்டர்கூட வராது. பல நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் மனம் மாறுவார்கள். விரல் நீளத்துக்கு ஒரு பொம்மை செய்தால் யார் வாங்குவார்கள் என்று அதை மட்டும் ஊதிப் பெரிதாக்கிவிடுவார்கள். சஃபாரி நிறுவனத்தின் கார்னகி வரிசை 1988-இல் தொடங்கி 2015 வரை வந்தது. அதில் பெரிய விலங்குகளுக்கு 1:40 என்று ஒரு அளவு வைத்திருந்தார்கள். ஆனால் சின்ன விலங்குகளை அந்த அளவுக்குச் சுருக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் அருமையான சிற்பங்கள், இன்றும் என் அலமாரியில் நடுத்தட்டு அவற்றுக்குத்தான். சேர்த்து நிறுத்தும்போதுதான் கண் ஏற்க மறுக்கிறது. இவர்கள் சிட்டகோசாரஸைச் சின்னதாகவே விட்டிருக்கிறார்கள் என்றால் அளவு விஷயத்தில் உறுதியாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மற்றவற்றையும் நீங்களே வகுத்துப் பாருங்கள். 12 மீட்டர் டி-ரெக்ஸ் 34 சென்டிமீட்டர். 11 மீட்டர் டைனோகைரஸ் 31. 9 மீட்டர் யூட்டிரானஸ் 26-க்குச் சற்றுக் குறைவு. அறிவிப்பில் போட்டிருக்கும் நீளங்கள் இவற்றோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. வாலின் வளைவை அளந்தார்களா, நேர்க்கோட்டில் அளந்தார்களா என்பதில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மாறும், அது பரவாயில்லை.

சரி, சாம்பல் நிற மாதிரிக்கு வருவோம். பெயின்ட் இல்லாத படம்தான் சிற்பத்தை மதிப்பிட நல்லது. நிறம் எதையும் மறைக்க முடியாது. நான் முதலில் பார்ப்பது கைகளை. இரண்டு கால் வேட்டை விலங்குகளின் உள்ளங்கைகள் கைதட்டப் போவது போல ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால் அந்த மணிக்கட்டு எலும்போடு அது நடக்காத காரியம். இந்த வரிசையில் கைகள் சரியாக இருக்கின்றன. அடுத்தது முகம். மண்டையோட்டின் துளைகள் ஒவ்வொன்றும் குழியாகத் தெரியும்படி தோலை எலும்போடு ஒட்டவைக்கும் பழக்கம் ரொம்ப காலம் இருந்தது. உயிருள்ள விலங்குக்குத் தசை இருக்கும், கொழுப்பு இருக்கும். டி-ரெக்ஸின் பற்களை உதடு மூடியிருந்திருக்க வேண்டும் என்று 2023-இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை என்றாலும், இந்த டி-ரெக்ஸின் மூடிய வாயில் உதடு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் வாலின் அடிப்பகுதி. தொடை எலும்பைப் பின்னால் இழுக்கும் பெரிய தசை அங்கேதான் இருக்கிறது. அது மெலிந்து குச்சி போல இருந்தால் அந்த விலங்கால் நடக்கவே முடியாது. யூட்டிரானஸின் பக்கவாட்டுப் படத்தில் இந்த இடம் கொஞ்சம் ஒல்லியாகப் படுகிறது. இறகுக்குள் மறைந்திருக்கிறதா என்று பின்பக்கப் படம் வந்தால்தான் சொல்ல முடியும்.

டைனோகைரஸ் பற்றி நீங்கள் கேட்காமலே பேசத் தோன்றுகிறது. 1965-இல் கோபி பாலைவனத்தில் போலந்து-மங்கோலியக் குழுவுக்குக் கிடைத்தவை முக்கியமாக இரண்டு பிரம்மாண்டமான கைகள், ஒவ்வொன்றும் சுமார் 2.4 மீட்டர். மற்றபடி சில துண்டு எலும்புகள்தான். ஏறக்குறைய 50 வருஷம் அந்தக் கைகளுக்குச் சொந்தமான உடல் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 2014-இல் இன்னும் இரண்டு எலும்புக்கூடுகளை வைத்து முழு உருவம் வெளியானபோது வாத்து போன்ற அலகும், முதுகில் உயர்ந்த கூனும் யாரும் எதிர்பார்க்காதவை. அதற்கு முன்னால் செய்த எந்த உருவமும் ஊகம்தான். அதனால் நல்ல டைனோகைரஸ் என்பது சேகரிப்பவர்களுக்கு இன்னும் புதுசான ஆசை. இவர்கள் அலகின் முனையை அகலமாக விரித்திருக்கிறார்கள், கூனின் உச்சி இடுப்புக்குச் சற்று முன்னால் வருகிறது. படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆறையும் எடுக்கச் சொல்ல மாட்டேன். டைனோகைரஸ், போரியலோபெல்டா, சிட்டகோசாரஸ் மூன்றையும் இப்போதே பதிவு செய்யுங்கள். டி-ரெக்ஸ் எந்த நிறுவனமும் விடாமல் செய்வது, இதைவிட நல்லது நாளைக்கே வரலாம். ஸ்பைனோசாரஸ் இன்னும் வேகமாகப் பழசாகிறது: புது ஆய்வுகள் வர வர, 2014-இல் கால்கள் குட்டையாயின, 2020-இல் துடுப்பு போன்ற வால் வந்தது, 2022-இல் அது இரண்டு காலில்தான் நடந்தது என்று மறுபடி வாதம். இவர்கள் நான்கு காலில் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதில் அவசரமில்லை. ஆனால் சிட்டகோசாரஸ் போன்ற ஒரு விலங்கை, அதுவும் சரியான அளவில், ஒரு நிறுவனம் ஒருமுறைதான் செய்யும். விற்கவில்லை என்றால் அந்த அச்சு திரும்ப ஓடாது, இரண்டாம் வரிசையிலும் அதுபோன்ற விலங்கு வராது. முன்பதிவு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அவர்கள் அடுத்த ஆறைத் தேர்ந்தெடுப்பார்கள். யாரும் செய்யாத விலங்குகள் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்கிறோம். இப்போது செய்திருக்கிறார்கள், நம் பணம் அங்கே போகட்டும்.

தூரிகைத்தடம்:

சிற்பம் பற்றி அண்ணா சொல்லிவிட்டார். நான் பொம்மைகளுக்கு மறுபடி பெயின்ட் அடிப்பவள் என்பதால் நிறத்தைப் பற்றி மட்டும்.

படத்தில் இருக்கும் மாதிரி கெட்டியான ரெசினில் எடுத்தது. உங்கள் கைக்கு வரப்போவது மென்மையான பிவிசி பிளாஸ்டிக். குழந்தைகளும் எடுத்து விளையாடுவார்கள் என்பதால் பல்லும் நகமும் கூர் மழுங்கித்தான் வரும். அதனால் அந்தக் கூர்மையை எதிர்பார்க்காதீர்கள். யூட்டிரானஸில் இது இன்னும் தெரியும். 2012-இல் பெயரிடப்பட்டபோதே கழுத்து இறகு இழைகள் 20 சென்டிமீட்டர் வரை இருந்ததாகச் சொன்னார்கள். 1:35-இல் அது 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. தனி இழையாக வார்க்கவே முடியாது, கொத்துக் கொத்தாகத்தான் செதுக்க வேண்டும். கொத்துகள் தடித்துப்போனால் ஈரத்தில் நனைந்த நாய் மாதிரி இருக்கும். அதற்கு வண்ணம் பூசிய உற்பத்தி மாதிரியின் படம் வரும்வரை காத்திருங்கள்.

போரியலோபெல்டாவுக்கும் சிட்டகோசாரஸுக்கும் நிறம் ஓரளவு தெரிந்தது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். போரியலோபெல்டா கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் சுரங்கத்தில் 2011-இல் கிடைத்தது, கவசமும் தோலும் அப்படியே முப்பரிமாணமாக. அதைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்க மார்க் மிட்செல் என்பவர் சுமார் 7,000 மணி நேரம் உழைத்தார். இனப்பெயரே அவர் பெயரில்தான் இருக்கிறது. 2017 ஆய்வின்படி முதுகு செம்பழுப்பு, அடிப்பக்கம் வெளிர். சிட்டகோசாரஸும் மேலே கறுத்து வயிற்றில் வெளுத்திருந்தது என்று 2016-இல் கண்டார்கள், பிராங்க்பர்ட்டில் இருக்கும் ஒரு மாதிரியை வைத்து. வாலின் மேல் முள்முடி போல நீண்ட இழைகளும் அதில் உண்டு.

நிறுவனம் இந்த இரண்டுக்கும் அந்த நிறங்களையே எடுத்தால் வேலை எளிது. மேலிருந்து ஒரு ஸ்ப்ரே, அடியில் ஒரு வெளிர் பூச்சு, நடுவில் மென்மையான மாற்றம். அந்த மாற்றம் கோடு கிழித்தது போல வந்தால் அவசர வேலை என்று புரிந்துகொள்ளுங்கள். கண்ணையும் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த அளவில் கருவிழி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் விலங்கு மாறுகண்ணாகிவிடும், 6 சென்டிமீட்டர் சிட்டகோசாரஸில் ரொம்பவே.

நீங்களே திருத்தி அடிக்க நினைத்தால் அக்ரிலிக் மட்டும். எனாமல் பெயின்ட் மென்மையான பிவிசி மேல் காயாமல் பிசுபிசுத்தே நிற்கும்.

மூன்றுவிரல்:

பழைய அலமாரி அண்ணா சொன்னதில் ஒன்றை நான் ஏற்கவில்லை. டி-ரெக்ஸை விட்டுவிடச் சொல்வது சரியா? இரும்பு அச்சு வெட்டுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய செலவு. அந்தச் செலவை ஈடுகட்டுவது டி-ரெக்ஸ் விற்பனைதான். அது ஓடினால்தான் சிட்டகோசாரஸுக்கு அச்சு வெட்ட ஒருவருக்குத் தைரியம் வரும். எல்லாச் சேகரிப்பாளர்களும் டி-ரெக்ஸைத் தவிர்த்தால் முதல் வரிசையோடு கடை மூடிவிடும்.

என் மகனுக்கு ஏழு வயது. அவனை இந்த உலகத்துக்குள் இழுத்தது டி-ரெக்ஸ்தான். இப்போது கவச டைனோசர்களில் ஆன்கிலோசார் எது, நோடோசார் எது என்று வால் நுனியைப் பார்த்துச் சொல்கிறான். போரியலோபெல்டாவின் படத்தைக் காட்டியதும் "இதுக்கு வால்ல குண்டு இல்ல, நோடோசார்" என்றான். வாசல் பெரிதாக இருந்தால்தான் உள்ளே வருவார்கள். நான் டி-ரெக்ஸும் போரியலோபெல்டாவும் பதிவு செய்துவிட்டேன்.

குறுநகம்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. டைனோகைரஸும் சிட்டகோசாரஸும் பதிவு செய்தாகிவிட்டது. போரியலோபெல்டாவையும் சேர்க்கப் போகிறேன். மேடை கிடைக்காது, பரவாயில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். டைனோகைரஸ் இரண்டு காலில், வாலைத் தூக்கி நிற்கிறது. 31 சென்டிமீட்டர் பிவிசி உடல், அந்தக் கூன் எடையோடு நாளடைவில் முன்னால் சாயாதா? என்னிடம் இருக்கும் வேறொரு இரண்டு கால் உருவம் அப்படித்தான் மெல்ல மெல்லக் குனிந்துவிட்டது.

பழைய அலமாரி:

முதலில் மூன்றுவிரல் சொன்னதற்கு. அச்சுச் செலவு பற்றி அவர் சொல்வது உண்மை, அந்தக் கணக்கை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் டி-ரெக்ஸை வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள், நாம் வாங்காவிட்டாலும் அது விற்கும். சிட்டகோசாரஸுக்கு நம்மை விட்டால் ஆள் குறைவு. தம்பி மகனுக்கு என் அன்பு. வால் நுனியைப் பார்த்துப் பிரிக்கும் பையனுக்குப் போரியலோபெல்டா சரியான பொம்மை.

சாய்வதற்கு வருவோம். அந்தக் கால இன்விக்டா டி-ரெக்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, பிரிட்டிஷ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகச் செய்த ஒற்றை நிற உருவம். நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் ஊன்றியிருக்கும். விலங்கு அப்படி நிற்கவில்லை என்று இப்போது தெரியும், ஆனால் பொம்மை சாயாது. வாலைத் தூக்கியதும் முழு எடையும் இரண்டு கணுக்காலுக்கு வந்துவிட்டது. அதற்குத்தான் சிலர் பாதத்தைப் பெரிதாக்குகிறார்கள், சிலர் கண்ணாடி போன்ற தாங்கு குச்சி தருகிறார்கள். டைனோகைரஸின் அடிப்பக்கப் படத்தில் மார்புக்குக் கீழே ஒரு சின்ன துளை தெரிகிறது பாருங்கள். அது குச்சிக்கான இடமாகத்தான் இருக்க வேண்டும். வந்ததும் முதல் நாளிலிருந்தே குச்சியோடு நிறுத்துங்கள், சாய்ந்த பிறகு தேடாதீர்கள்.

ஏற்கெனவே குனிந்த உருவத்தைச் சரிசெய்யலாம். கொதிக்காத, ஆனால் நல்ல சூடான தண்ணீரில் கால்களை மட்டும் முக்குங்கள். பிவிசி இளகியதும் நிமிர்த்திக் கையால் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள். கெட்டியாகும்வரை விடக்கூடாது. திரும்பவும் குனியும், ஆனால் தாங்கு கொடுத்தால் தாமதமாகும். வெயில் நேராகப் படும் தட்டில் வைக்காதீர்கள், சூட்டில்தான் இந்தக் கால்கள் தளர்கின்றன, நிறமும் வெளுக்கும்.

இன்னொன்று, பெட்டியில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே மூடி வைக்காதீர்கள். மென்மையான பிவிசியில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே வரும். காற்றில்லாத இடத்தில் அது மேலேயே தங்கிப் பிசுக்கு பிடிக்கும். இரண்டு உருவங்களை ஒன்றோடொன்று ஒட்டியும் வைக்க வேண்டாம், பெயின்ட் இடம் மாறும்.

உங்கள் தட்டின் ஆழம் எவ்வளவு என்று அளந்து வையுங்கள். டைனோகைரஸைக் குறுக்காக வைத்தால்தான் அந்தக் கைகள் இரண்டும் தெரியும், அதற்கு 25 சென்டிமீட்டராவது வேண்டும்.