15 வருடம் பறக்காமல் இருந்துவிட்டு நேராக விமானம் வாங்கலாமா? (1977 செஸ்னா 172, சான் ஹோசே)

மறுபடிபைலட்

வணக்கம். 2008-ல் இங்கே ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்தேன். அதே வருடம் எடுத்த தேர்ட் கிளாஸ் மெடிக்கல்தான் (பைலட்டுக்கான உடல்தகுதிச் சான்று) கடைசி. 2010-க்கு அப்புறம் வேலை, குழந்தைகள் என்று பறக்கவே இல்லை. வயது 47, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும். இன்னும் ஹெச்-1பிதான், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன்.

1977 செஸ்னா 172என் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2004-ல் இன்ஜின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தது), அதன்பின் 400 மணிதான் ஓடியிருக்கிறது என்கிறார் விற்பவர். வாடகைக்குக் கொட்டும் பணத்தை இதில் போட்டு, இதிலேயே பயிற்சியும் எடுத்துவிடலாம் என்று யோசனை. லைசென்ஸ் செல்லுமா? மெடிக்கலுக்கு என்ன செய்வது? இந்த பிளேன் சரிப்படுமா?

ஓரக்காற்று

லைசென்ஸுக்குக் காலாவதி கிடையாது. முகவரி மாறியிருந்தால் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) தளத்தில் முதலில் அதை மாற்றுங்கள். வீடு மாறி 30 நாளுக்குள் தெரிவிக்காவிட்டால் லைசென்ஸைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி.

மெடிக்கலில் அவசரப்பட வேண்டாம். தேர்ட் கிளாஸுக்கு விண்ணப்பித்தால் சர்க்கரை மாத்திரைக்கு ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ் (நோய் இருந்தாலும் எஃப்ஏஏ தனியாகப் பரிசீலித்துத் தரும் அனுமதி), ஆவணம் என்று இழுக்கும். ஒருவேளை நிராகரித்துவிட்டால் மற்ற வழிகளும் அடைபடும். உங்களுக்கு ஏற்றது அதற்கு மாற்றான எளிய வழி, பேசிக்மெட். 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒரு நாளாவது செல்லுபடியாகும் மெடிக்கல் கையில் இருந்திருந்தால் போதும், உங்களுடையது அதற்குள் வருகிறது. 8700-2 படிவத்தை நிரப்பி, மாநில உரிமம் உள்ள எந்த டாக்டரிடமும் பரிசோதனை செய்து கையெழுத்து வாங்கலாம். பிறகு ஆன்லைன் பாடம். பரிசோதனை 48 மாதத்துக்கு ஒருமுறை, பாடம் 24 மாதத்துக்கு ஒருமுறை. படிவத்தை எஃப்ஏஏவுக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் லாக்புக்கோடு (பறப்புப் பதிவேடு) வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்மெட்டில் ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ் கேட்பது குறிப்பிட்ட இதய, நரம்பு, மனநலக் கோளாறுகளுக்குத்தான். சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லை. குடும்ப டாக்டர்கள் சிலர் படிவத்தைப் பார்த்ததும் பின்வாங்குவார்கள், எனவே அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஃப்ளைட் ரிவ்யூ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் உங்கள் திறமையை மறுபடி சோதிப்பது. குறைந்தபட்சம் 1 மணி தரைப்பாடம், 1 மணி பறப்பு. அது சட்டத்தின் கணக்கு. இடைவெளி விட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மணி இன்ஸ்ட்ரக்டரோடு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பாதியாவது ஆகும். கை சீக்கிரம் பழகிவிடும், பின்தங்குவது ரேடியோவும் விதிகளும்தான். ரன்வேயில் ஏறிக் காத்திருக்கச் சொல்லும் 'பொசிஷன் அண்ட் ஹோல்ட்' போய் 2010 செப்டம்பரிலிருந்து 'லைன் அப் அண்ட் வெயிட்'. டாக்ஸி போகும் வழியில் வரும் ஒவ்வொரு ரன்வேயையும் கடக்கத் தனித்தனி அனுமதி வேண்டும். 'டாக்ஸி டு' என்று சொன்னாலே கடந்துபோகும் பழைய பழக்கம் இன்று ரன்வே இன்கர்ஷன் (அனுமதியின்றி ரன்வேயில் நுழைவது) ஆகிவிடும். 2020 முதல் கிளாஸ் சி போன்ற கட்டுப்பாட்டு வான்பகுதிகளில் ஏடிஎஸ்-பி அவுட் (விமானம் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவி) கட்டாயம், சான் ஹோசேயின் கிளாஸ் சி உங்கள் தலைமேலேயே இருக்கிறது.

லேண்டிங்கில் கவனிக்க வேண்டியது வேகம். 172என் ஃபைனலில் (ரன்வேயை நோக்கி நேராக இறங்கும் கடைசிக் கட்டம்) ஃப்ளாப்போடு (இறக்கையின் பின்மடல்) 60-65 நாட். பழக்கம் விட்டவர்கள் பயத்தில் 75-ல் வருவார்கள். விமானம் இறங்காமல் மிதக்கும், சுமார் 3,100 அடி ரன்வே கண்ணெதிரே கரையும், பொறுமை போய் யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்) முன்னே தள்ளுவார்கள். மூக்குச் சக்கரம் முதலில் அடித்து, குதித்து, மறுபடி அடிக்கும். முதல் குதிப்பிலேயே ஃபுல் த்ராட்டில், கோ அரௌண்ட் (இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வருவது). இதை மட்டும் இன்ஸ்ட்ரக்டரோடு தனியாகப் பழகுங்கள். ரிவ்யூ முடிந்தாலும், 90 நாளுக்குள் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங் இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது.

இதையெல்லாம் வாடகை 172-ல் முடியுங்கள். சொந்த பிளேனில் ஏதாவது பழுதானால் பயிற்சி அன்றைக்கே நின்றுவிடும்.

ஸ்பானர்கை

மெக்கானிக் பார்வையில் சொல்றேன். '2004 ஓவர்ஹால், 400 மணி' விளம்பரத்துக்கு நல்லா இருக்கும், எனக்குப் பயமா இருக்கு. 20 வருஷத்துக்கு மேல 400 மணின்னா வருஷத்துக்கு 20 மணிகூட இல்லை. இந்த பிளேன்ல இருக்கற லைகமிங் கம்பெனி இன்ஜின்ல, வால்வுகளைத் திறக்கற கேம்ஷாஃப்ட் கிராங்க்குக்கு மேல இருக்கு. நிறுத்தி வெச்சா ஆயில் கீழே வடிஞ்சு, ஈரப்பதத்துல கேமோட மேடும் (லோப்) அது தள்ளற லிஃப்டரும் துருப் பிடிக்கும். திரும்ப ஓட ஆரம்பிச்சதும் அந்தத் துருக்குழி செதில் செதிலாப் பெயரும். ஓவர்ஹாலுக்கு லைகமிங் சொல்றது 2,000 மணி அல்லது 12 வருஷம், எது முதல்ல வருதோ அது. வாரா வாரம் பறந்த 1,500 மணி இன்ஜினை இதைவிட நம்பலாம்.

போதாததுக்கு 1977-ல வந்த 172என்ல ஓ-320-ஹெச்2ஏடி மாடல் இன்ஜின். கேம், லிஃப்டர் தேய்மானத்துக்குப் பேர் போன இன்ஜின். இதுக்கு லைகமிங்கின் எல்டபிள்யூ-16702 அடிட்டிவ் கட்டாயம். ஏரோஷெல் 15டபிள்யூ-50-ல அது ஏற்கெனவே கலந்திருக்கு. லாக்புக்ல ஆயில் மாத்தின ஒவ்வொரு பதிவிலும் இது இருக்கான்னு பாருங்க. தீப்பொறி தர்ற இரண்டு மேக்னெட்டோவும் ஒரே கூட்டுக்குள்ள, ஒரே ஷாஃப்ட்ல ஓடும், அதையும் மனசுல வெச்சுக்குங்க.

மறுபடிபைலட்

நன்றி. ஆன்யுவல் (வருடாந்திரப் பரிசோதனை) போன மாதம்தான் முடிந்தது, தனியாக ப்ரீபை (வாங்குவதற்கு முன் பரிசோதனை) எதற்கு என்கிறார் விற்பவர்.

ஸ்பானர்கை

ஆன்யுவல் செஞ்சது அவரோட மெக்கானிக், அவர் பணத்துல. அந்தப் பிளேனை இதுவரை தொடாத ஆளை நீங்க வையுங்க. இன்ஜின்ல இருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்க. அங்கேயே விஷயம் தெரிஞ்சா மத்ததுக்குச் செலவு மிச்சம்.

ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரிச்சு, உள்ளே இருக்கறதைக் காந்தத்துல ஒட்டிப் பாக்கணும். ஒட்டற மினுமினுப்புச் செதில் இரும்பு, பெரும்பாலும் கேம் பக்கம். கம்ப்ரெஷன் சூடான இன்ஜின்ல, 80 பிஎஸ்ஐ கொடுத்து. வர்ற நம்பரை மட்டும் பாக்காதீங்க, காத்து எங்கே கசியுதுன்னு காதை வெச்சுக் கேளுங்க: எக்ஸாஸ்ட் குழாய்ல சீறினா எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டர்ல கேட்டா இன்டேக் வால்வு, ஆயில் ஊத்தற வாய்ல கேட்டா பிஸ்டன் ரிங். போர்ஸ்கோப்ல (சிலிண்டருக்குள்ள விட்டுப் பாக்கற சின்ன கேமரா) எக்ஸாஸ்ட் வால்வு முகம் வட்டமாச் சீரா இருக்கணும். ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறியிருந்தா அங்கே எரியுதுன்னு அர்த்தம். இதெல்லாம் நல்லா வந்தாலும் கேம் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது. ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைக் கண்ணால பாக்க விற்பவர் சம்மதிப்பாரா? இல்லேன்னா ஓவர்ஹால் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

பாடியில முதல்ல ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்). அடிப்பக்கம் தகரம் சுருங்கியிருந்தா, மேலே சொன்ன மூக்குச் சக்கர லேண்டிங் யாரோ பண்ணியிருக்காங்க. சீட் ரெயில் ஓட்டை தேய்மானத்தைப் பாக்கச் சொல்ற எஃப்ஏஏவோட கட்டாய உத்தரவு ஏடி 2011-10-09, 100 மணி அல்லது 12 மாசத்துக்கு ஒருமுறை. டேக்-ஆஃப்ல மூக்கைத் தூக்கும்போது சீட்டைப் பூட்டற ஊசி நழுவி சீட் பின்னால ஓடினா கை யோக்கோட போகும், அதனால லேசா எடுத்துக்காதீங்க. ஓக்லஹோமா சிட்டியில இருக்கற எஃப்ஏஏ பதிவகத்துல முழுக் கோப்பையும் சிடியா வாங்குங்க, 10 டாலர்தான். 337 படிவங்கள்ல பெரிய ரிப்பேர் எல்லாம் இருக்கும். லாக்புக்ல இல்லாத இறக்கை ரிப்பேர் அங்கே தலை காட்டும்.

நிலையானநூலேணி

எல்லோரும் இன்ஜினுக்குள் போய்விட்டீர்கள். அவர் ஹெச்-1பி என்கிறார். லைசென்ஸுக்கும் வாடகைக்கும் அது தடையில்லை, ஆனால் விமானத்தைத் தன் பெயரில் பதிவு செய்ய அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். நண்பர்களோடு கூட்டாக வாங்கினாலும் உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் அந்தத் தகுதி வேண்டும். அமெரிக்க டிரஸ்டி பெயரில் டிரஸ்ட் வைத்துப் பதிவது நடைமுறையில் உண்டு. வக்கீல் செலவு, டிரஸ்டிக்கு வருடக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஒரு 172-க்கு அது கட்டுபடியாகாது என்பேன். கிரீன் கார்டு வரும்வரை விமானத்தில் உரிமைப் பங்கு வாங்கச் சொல்லாத ஃப்ளையிங் கிளப்பில் சேர்வதே மேல். பின்னால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் பறக்கும் தகுதி) எடுக்கும் எண்ணம் இருந்தால், கிரீன் கார்டு வந்த பிறகும் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் அனுமதி வாங்க வேண்டும்.

வாங்கும் காலம் வந்ததும், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த விமானத்தின் பதிவு எண்ணைக் கொடுத்து இன்ஷூரன்ஸ் விலை கேளுங்கள். முதலில் கேட்பார்கள், கடந்த 12 மாதத்தில் எத்தனை மணி, அந்த மாடலில் எத்தனை மணி என்று. இரண்டுக்கும் பூஜ்யம் சொல்பவருக்கு ஒரு விலை, ஒரு வருடம் கிளப் 172-ல் பறந்தவருக்கு வேறு விலை. '10 லட்சம் டாலர் லயபிலிட்டி' என்றால் பயணி ஒருவருக்கு 1 லட்சம் என்ற உள்வரம்பு பெரும்பாலும் கூடவே இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

விலையோடு நிற்காது. கலிபோர்னியாவில் தனியாரிடம் வாங்கினாலும் யூஸ் டாக்ஸ் (விற்பனை வரிக்குப் பதிலான வரி) உண்டு, அதன்பின் ஜனவரி 1 நிலவரப்படி விமானம் வழக்கமாக எங்கே நிற்கிறதோ அந்தக் கவுன்ட்டிக்கு வருடாவருடம் சொத்து வரி. ரீட்-ஹில்வியூவில் 2022 ஜனவரி 1 முதல் ஈயம் கலந்த வழக்கமான விமானப் பெட்ரோலான 100எல்எல் விற்பதில்லை. அங்கே கிடைக்கும் ஈயமில்லா எரிபொருள் உங்கள் இன்ஜினுக்கும் ஏர்ஃப்ரேமுக்கும் அனுமதிக்கப்பட்டதா, எஸ்டிசி (கூடுதல் மாற்றத்துக்கான எஃப்ஏஏ ஒப்புதல்) ஆவணம் லாக்புக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு விமான நிலையத்துக்குப் பறந்துபோய்த்தான் டேங்கை நிரப்ப வேண்டும்.